சிவப்புப் பொட்டு வைத்த கணினி

உலு திராம்,
திங்கட்கிழமை, மழை விடாத நவம்பர்.

என் மருமகள் லோஷினிக்கு,

உன் தாய்மாமன் மணியம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போன வாரம் கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்த தாதி, எந்திரம்தான் கெட்டுப்போய்விட்டது என்று வேறு எந்திரம் கொண்டுவந்து பார்த்தாள். இந்த வயதில் இப்படி ஒரு ரத்தம் ஜொகூர் மாநிலத்திலேயே கிடையாது என்று டாக்டர் எழுந்து நின்று சொன்னார். கொதிப்பதெல்லாம் என் மனசுதான். அதைக் கொட்டத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் மாமா காகிதத்தில் எழுதுவார்கள் என்று கேட்பாய். ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன் அல்லவா? தொண்டை வறண்டுபோகப் பேசினேன். இப்போதெல்லாம் குரலை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறார்களாம், உன் அத்தை சொல்கிறாள். நீ அதற்கு அனுப்பிய பதில் என்ன? ஒரு கட்டைவிரல் படம். தாய்மாமன் குமுறிக் குமுறிப் பேசியதற்கு ஒரு மஞ்சள் கட்டைவிரல்! காகிதத்தை வேகமாக ஓடவிட முடியாது. எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். அந்த டப்ளின் குளிரில் இழுத்துப் போர்த்திக்கொண்டு முழுதும் படி.

விஷயம் இதுதான். என்னை ஓரியன்டேஷனிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

என்னை! மணியத்தை! கோயிலுக்குப் பின்னால் கடைவீட்டு மாடியில் இருக்கும் கணினி மறுபயனீட்டு நிலையம் உனக்குத் தெரியும். ஊரார் தூக்கிப்போடுகிற பழைய கணினிகளை வாங்கி, உள்ளே இருப்பதைத் துடைத்து, பழுது பார்த்து, இல்லாத வீட்டுக்குக் கொடுக்கிற இடம். தேறாததை, டிஸ்க்கில் டிரில்லால் துளை போட்டு அழித்துவிட்டு, பிரித்துச் செம்பு, இரும்பு, பிளாஸ்டிக் என்று தனித்தனியாக அனுப்பிவிடுவோம். மாதா மாதம் முதல் சனிக்கிழமை புதுத் தொண்டூழியர்கள் வருவார்கள். காலேஜ் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கம்பத்திலிருந்து மக்சிக் என்று நாம் கூப்பிடுகிற மலாய் அத்தைமார்கள், சீனர் எல்லாரும். அவர்களை உட்காரவைத்து, இங்கே எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று முதல் நாள் சொல்லிக்கொடுப்பது யார்? நான்தான். அதுதான் ஓரியன்டேஷன். சிங்கப்பூரில் டிஸ்க் செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் நான். உலகத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் பாதி என் கை பட்டுத்தான் வெளியே போனது. பேக்கிங் செக்‌ஷன்தானே என்பாள் உன் அத்தை. பேக்கிங் என்றால் கை படாதா?

நான் நடத்துகிற ஓரியன்டேஷனை நீ பார்த்ததில்லை. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முதலில் வீங்கிய பேட்டரியை எடுத்துக் காட்டுவேன். தலையணை மாதிரி உப்பியிருக்கும். இதைக் குத்தாதே, அமுக்காதே, மணல் வாளிக்குள் வை என்பேன். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். ரெங்கத்தில் ஒரு பேட்டரி வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்த் தென்னை மரத்தின் தலையைச் சீவியது, இளநீர் எல்லாம் வெந்தே விழுந்தது என்பேன். அப்படி நடந்ததா என்று கேட்காதே. அன்று முதல் ஒருத்தராவது பேட்டரியைக் குத்தியிருக்கிறார்களா என்று கேள்.

இரண்டாவது, உள்ளே பார்க்காதே. கணினியைக் கொடுப்பவர் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள். துடைக்கச் சொன்னால் துடை. படத்தைப் பார்க்காதே, காப்பி எடுக்காதே. உரியவர் வாய் திறந்து கேட்டால்தான் ஒரு படமாவது எடுத்துக் கொடுக்கலாம். இதைச் சொல்லும்போது மட்டும் நான் கதை சேர்ப்பதில்லை. குரலை இறக்கிச் சொல்வேன். கைபேசியைத் தடவுகிறவனும் நிமிர்ந்து பார்ப்பான்.

மூன்றாவது, பொட்டு. துடைத்து முடித்த கணினியின் மூடிமேல் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதை ஸ்டிக்கர் என்று சொன்னால் யாருக்கும் மனசில் நிற்காது. பொட்டு என்பேன். நெற்றியில் சிவப்புப் பொட்டு இருந்தால் கல்யாணத்துக்குத் தயார், வாசலைத் தாண்டலாம். பொட்டு இல்லையென்றால் வீட்டை விட்டுக் கிளம்பக்கூடாது. மலாயில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை சொல்வேன். என் இங்கிலீஷைக் கேட்டுத்தான் ஆ லியோங் என்கிற சீனப் பையன், "அங்கிள், யூ மஸ்ட் பி அ லாயர் லா" என்றான். அவன் கிண்டலடிக்கிறான் என்கிறாள் உன் அத்தை. அவளுக்குப் பொறாமை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் மீனலோசனி வந்து ஏறினாள். நம் நிலையத் தலைவர் சிறீகாந்தன் ஐயா கொண்டுவந்த புது நிர்வாகி. அவர்கள் யாழ்ப்பாணத்து வம்சம், தாத்தா காலத்திலேயே கவர்ன்மென்ட் உத்தியோகம். இந்தப் பெண் மேல்படிப்பு படித்துவிட்டு வந்திருக்கிறாள். வந்த முதல் வாரமே என் ஓரியன்டேஷனைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. தென்னை மரத்துக்குக்கூட! முடிந்ததும் வந்து, "அங்கிள், நீங்க சொல்றது ஸ்டோரி. நமக்கு வேண்டியது ப்ரொசீஜர்" என்றாள். அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஒரு வீடியோ தயாரித்துவிட்டாள் அம்மா. படம் ஓடும், ஒரு பெண் குரல் மூக்கால் பேசும், கீழே மூன்று மொழியில் எழுத்து ஓடும். பேட்டரி வருகிறது, குறுக்கே ஒரு கோடு விழுகிறது, போய்விடுகிறது. அந்தக் கோட்டுக்குப் பயந்து எவன் பேட்டரியைக் கீழே வைப்பான்? பிள்ளைகள் கைபேசியைத் தடவிக்கொண்டே பார்க்கிறார்கள். என்னை என்ன செய்யச் சொன்னாள் தெரியுமா? வாசலில் நின்று நசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொடுக்கச் சொன்னாள். ஃபேக்டரியில் முதலாளி கையால் கடிகாரம் வாங்கியவன், சம்பலை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். உரத்துக் கேட்டேன், இது நியாயமா என்று. "கொஞ்ச நாளைக்குத்தான் அங்கிள், அந்த விஷயம் அடங்கட்டும்" என்கிறாள்.

அந்த விஷயம் என்று ஒன்று இருக்கிறது. அதையும் சொல்கிறேன். ஆனால் தப்பு என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே மனசில் வைத்துக்கொண்டு படி.

ஆயுத பூசை வந்தது. நம் நிலையத்தில் ஸ்க்ரூடிரைவர் முதல் டிரில் வரை எல்லாம் ஆயுதம்தான். பொரி கடலை, வாழைப்பழம், உளுந்து வடை என்று நானே முன்னின்று செய்தேன். ஐயர் வந்த வேகத்தில் போய்விட்டார், பாதி மந்திரம் நான்தான் சொன்னேன். அப்புறம் சந்தனத்தைக் குழைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒவ்வொரு கணினிக்கும் பொட்டு வைத்தேன். துடைத்தது, துடைக்காதது என்று சாமிக்கு வித்தியாசம் உண்டா? எல்லாவற்றுக்கும் வைத்தேன். மேல் தட்டில் பாத்திக் துணியில் சுற்றி ஒரு மடிக்கணினி இருந்தது. அதையும் இறக்கி, உண்மையைச் சொன்னால் அதற்குத்தான் முதலில் வைத்தேன். பூசை முடிந்ததும் துணியைச் சுற்றி மறுபடி மேல் தட்டில் ஏற்ற மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தீபாவளிக்கு முன்னால் கோத்தா திங்கி பக்கம் கணினி கொடுக்கிற நாள். வெள்ளத்தில் சாமான் போன குடும்பங்கள். எனக்கு அன்று பல்வலி, வீட்டில் இருந்தேன். வேனில் ஏற்றியது ஆ லியோங்கும் இரண்டு மக்சிக்குகளும். பூசைக்கு அவர்கள் வரவில்லை. அவர்களுக்குக் குங்குமம் என்ன தெரியும்? சந்தனத்தோடு காய்ந்து மூடிமேல் வட்டமாக, சிவப்பாக, ஜம்மென்று ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அங்கிள் சொன்ன பொட்டு! வாசலைத் தாண்டலாம்! ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தார்கள். துடைக்காததெல்லாம் கடவுச்சொல் கேட்டதால் பழுது என்று ஒதுக்கிவைத்தார்கள். ஒன்று மட்டும் ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்டது. அதை ஏற்றிவிட்டார்கள்.

இதில் என் குற்றம் என்ன, நீயே சொல். நான் சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார்கள். என் ஓரியன்டேஷன் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதைச் சொன்னதற்கு மீனலோசனி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

தீபாவளி முடிந்து கோத்தா திங்கியிலிருந்து மலர் என்கிற பெண் எனக்குப் போன் செய்தாள். புருஷன் தீபன் பாமாயில் ஆலைக்குச் செம்பனைக்காய் லாரி ஓட்டுகிறான். நல்ல குடும்பம். தயங்கித் தயங்கிப் பேசினாள். "அங்கிள், நீங்க குடுத்த கம்ப்யூட்டருக்குள்ள ஒரு அம்மா சமைக்கிறாங்க" என்றாள். "முதல்ல பயந்துட்டோம் லா. யாரோட வீட்டுக்குள்ளயோ பூந்துட்ட மாதிரி இருந்துச்சி. அப்புறம் பாத்தா அவங்க நல்லாச் சொல்லிக் குடுக்குறாங்க. நாங்க அந்த மீன் கறி வெச்சுட்டோம் அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க."

உடனே மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மழையில், ஒரு லாரிகூட என்னை முந்தவில்லை. போனால் அந்த மடிக்கணினி மேஜைமேல், மூடியில் குங்குமம் பாதி உதிர்ந்து இருக்கிறது. மலர் என்னை உட்காரவைத்து, கேட்பதற்கு முன்னால் அதைத் தட்டிவிட்டாள். நான் விதியை மீறவில்லை லோஷி. கண்ணை மூடிக்கொண்டேன். காதை எப்படி மூடுவது?

"லோஷினி, புளியை ஊறப் போட்டுட்டுத்தான் மீனைக் கழுவணும். உங்க மாமன் சொல்ற அளவை நம்பாத. அவன் ஒரு கரண்டின்னா அரைக் கரண்டின்னு வெச்சுக்க." அப்புறம், "அண்ணே, கைய எடு. உன் வெரல்தான் தெரியுது, மீன் தெரியல."

ஆமாம். உன் அம்மா. என் தங்கச்சி பேச்சியம்மாள்.

இப்போது கொஞ்சம் பொறுமையாகப் படி. நீ அயர்லாந்து போன இரண்டாம் வருஷம் ரொட்டியும் முட்டையுமாகத் தின்கிறாய் என்று அவள் அழுதாள். சொல்லிக்கொடுத்தால் செய்வாள் என்று நான்தான் யோசனை சொன்னேன். (அவள் யோசனை என்பாள் உன் அத்தை. பாதிப் பாதி என்று வைத்துக்கொள்.) அரிசி டின்மேல் மடிக்கணினியை நிறுத்தி, நான் பின்னால் பிடித்துக்கொள்ள, அவள் சமைத்துப் பேசினாள். மீன் கறி, நெத்திலி சம்பல், ஆட்டுக்கறிப் பிரட்டல், ரசம். அந்த வீடியோவை உனக்கு அனுப்பப் பார்த்தோம், பெரிசாக இருக்கிறது போகாது என்றது கணினி. சரி, லோஷினி தீபாவளிக்கு வரும்போது நானே கையில் கொடுப்பேன், அதுவரை வாயைத் திறந்தாயோ பார் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்ளாதே என்றாள். என் வாழ்க்கையில் நான் கட்டிக்காத்த ரகசியம் இது ஒன்றுதான். அந்தத் தீபாவளி வருவதற்குள் அவள் போய்விட்டாள். நீ ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் நீ அந்தக் கணினியை என்னிடம் நீட்டி, "எல்லாத்தையும் அழிச்சிட்டு யாருக்காவது குடுத்திடுங்க மாமா, என்னால பாக்க முடியாது" என்றாய். ஆஸ்பத்திரி பில்லும் கரன்ட் பில்லும்தான் உள்ளே இருக்கும் என்று நீ நினைத்தாய். அந்த நேரத்தில் நான் என்ன சொல்ல முடியும்? கணினியை வாங்கிக்கொண்டேன். பிறகு போனில் சொல்லலாம் என்று ஆரம்பிக்கும்போதெல்லாம், அம்மாவைப் பற்றி வேண்டாம் மாமா, வேறு பேசுவோம் என்பாய். நானும் வேறு பேசினேன். மழையைப் பற்றி, என் ரத்த அழுத்தத்தைப் பற்றி. கணினியை மேல் தட்டில் வைத்தேன். பதிவிலும் சேர்க்கவில்லை. எத்தனையோ பேருடைய டிஸ்க்கில் கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டவன் நான். அதை மட்டும் இந்த வாரம் துடைக்கலாம், அடுத்த வாரம் துடைக்கலாம் என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மலர் வீட்டில் அந்த மீன் கறியை எனக்குப் போட்டாள். புளி குறைச்சல். மஞ்சள் தூக்கல். ஆனாலும் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். சும்மா, அவர்கள் மனம் நோகக்கூடாதே என்று. கிளம்பும்போது மலர் கேட்கிறாள், "அங்கிள், ஆட்டுக்கறி பாதிதான் பாத்தோம். மீதியப் பாத்துட்டுத் தரலாமா? அந்த அம்மாவக் கேட்டுச் சொல்லுங்க." கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, வேறு கணினி கொடுத்து, அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கதை நிலையத்துக்கு எப்படிப் போனது என்கிறாயா? கணினி மாற்றிக் கொடுத்தது தெரிந்துதான். துடைக்காத மடிக்கணினி ஒன்று வெளியே போய்த் திரும்பியிருக்கிறது என்று மீனலோசனி கண்டுபிடித்துவிட்டாள். உடனே கூட்டம். ஜொகூர் பாருவில் ஒரு பல் மருத்துவமனை பழைய கணினிகளையெல்லாம் நமக்குத் தருவதாக இருந்தது. நோயாளிகள் விவரம் எல்லாம் அதில் இருக்கும். இந்தச் செய்தி அவர்கள் காதுக்குப் போய், உங்களை எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டார்கள். கூட்டத்தில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். அது யாருடைய கணினி, ஏன் பதிவில் இல்லை, ஏன் மேல் தட்டில் இத்தனை காலம் இருந்தது என்று கேள்விமேல் கேள்வி.

என் தங்கச்சியுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? அந்த மீனலோசனி முகம் அப்படியே இளகும். பாவம் அங்கிள் என்பாள். ஆ லியோங் தலையைக் குனிந்துகொள்வான். நான் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, என் வீட்டு டிஸ்க் என்றதும் கை நடுங்கினவன் ஆகிவிடுவேன். பாவப்படுவதற்கா நான் அங்கே போகிறேன்? கோபம் தலைக்கேறி, அது சுல்தான் கையால் பட்டம் வாங்கிய ஒரு டத்தோவின் கணினி, பெயர் வெளியே வரக்கூடாது, என்னை நம்பி ரகசியமாகக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது தப்பாகப் போயிற்று. டத்தோ என்றதும் அத்தனை பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். சிறீகாந்தன் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மணியம், நீர் சொல்லுறது விளங்குது. ஆனால் ஒரு டத்தோவின்ர சாமான் எண்டால் இன்னும் கவனமாயெல்லோ இருக்கவேணும்" என்றார். அப்புறம் தீர்ப்பு. வருகிற சனிக்கிழமை ஓரியன்டேஷனுக்கு அந்தப் பல் மருத்துவமனை ஆட்களும் வந்து உட்காருவார்கள். எல்லார் முன்னாலும் அந்த டிஸ்க்கை மரக்கட்டைமேல் வைத்து நானே துளை போட்டுக் காட்டவேண்டும். நாங்கள் சொன்னால் செய்வோம் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். செய்தால் அன்றைக்கே ஓரியன்டேஷன் மறுபடி எனக்கு. வீடியோவை நிறுத்திவிடுகிறேன் அங்கிள், தென்னை மரத்தையும் சொல்லிக்கொள்ளுங்கள் என்று மீனலோசனியே சொல்லிவிட்டாள். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் அங்கிள். நீங்கதானே போட்டீங்க?"

என் விதியை எடுத்து என் கழுத்திலேயே வைக்கிறாள்! அநியாயம் இல்லையா இது? கணினியை வெளியே அனுப்பியது அவர்கள். வீடியோ எடுத்தது அவள். துளை மட்டும் நான் போடவேண்டுமாம். வீட்டுக்கு வந்து கத்தினேன். உன் அத்தை சோற்றைப் போட்டுக்கொண்டே, "டத்தோன்னு யாரு சொல்லச் சொன்னா? வேணும் உங்களுக்கு" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. பேச்சியம்மாள்மேல் அவளுக்கும் உயிர் அல்லவா.

நினைத்தால் ஒரு நொடியில் காப்பி எடுக்கலாம். ஆ லியோங்கிடம் சொன்னால் போதும், அங்கிளுக்காக எதுவும் செய்வான். அலமாக், அது என்ன பெரிய வேலை என்பான். ஆனால் நான் எடுக்கமாட்டேன். உரியவர் வாய் திறந்து கேட்காமல் எடுக்கக்கூடாது. எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்! நான் தென்னை மரத்தைப் பற்றிச் சொன்னது எப்படியோ போகட்டும், இதை நான் சும்மா சொல்லவில்லை. அந்தக் கணினிக்கு உரியவள் நீ. நீ கடைசியாகச் சொன்ன சொல் 'அழிச்சிடுங்க'. அந்தச் சொல் இன்னும் அப்படியே நிற்கிறது. அதை மாற்ற உன்னால்தான் முடியும்.

கணக்கு இவ்வளவுதான் லோஷி. நீ வேண்டாம் என்றால் சனிக்கிழமை நான் துளை போடுவேன். என் கை நடுங்காது, நடுங்கினாலும் டிரில்லின் அதிர்வு என்று நினைத்துக்கொள்வார்கள். ஓரியன்டேஷன் என்னுடையது. நீ வேண்டும் என்றால், காப்பியை ஒளித்துவைத்துக்கொண்டு டத்தோவுடையது என்று துளை போட்டு ஊரை ஏமாற்றமாட்டேன்; டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, டத்தோவும் கிடையாது ஒன்றும் கிடையாது, இது என் தங்கச்சியுடையது, அவள் மகள் கேட்கிறாள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லவேண்டும். அதற்கப்புறம் எவன் என் பேச்சைக் கேட்பான்? நசி லெமாக்தான், ஆயுசுக்கும். பரவாயில்லை. சம்பல் சரியில்லை என்று அவர்களிடம் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும்தானே.

இன்னொன்று. உன் அம்மாவுக்கு அந்தப் பதிவை நிறுத்தத் தெரியாது. ஒவ்வொரு சமையல் முடிந்ததும், "அண்ணே, நின்னுச்சா?" என்று கேட்பாள். நிறுத்த எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்வேனா? நின்னுடுச்சி என்பேன். நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். அவள் நின்றுவிட்டது என்று நினைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கறியைக் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்துக்கொண்டு, லோஷினிக்கு இது பிடிக்குமாண்ணே என்று என்னைக் கேட்பாள். அதெல்லாம் உள்ளே இருக்கிறது. நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்தேன், அதனால் தெரியும்.

காலையில் மழை, மாலையில் மழை. கோத்தா திங்கியில் ஆறு மறுபடி ஏறுகிறது, மலர் வீட்டில் சாமானை மாடிப் பலகைக்கு ஏற்றிவிட்டார்களாம். அத்தைக்கு முழங்கால் வலி. நீ வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியாக இருந்தாலும் சரி, சூடாக்கிச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நன்றாக இரு, உன் அம்மா இருந்திருந்தால் என்னவெல்லாம் சொல்லி வாழ்த்துவாளோ அத்தனையும் உனக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
ரெங்கம் மணியம்
(முன்னாள் ஓரியன்டேஷன் பொறுப்பாளர், சனிக்கிழமை வரை)

பி.கு. இதற்குக் கட்டைவிரல் அனுப்பாதே. அதைப் பார்த்துத் துளை போடு என்று எடுத்துக்கொள்வதா, போடாதே என்று எடுத்துக்கொள்வதா என்று இந்த மாமனுக்குத் தெரியாது. டிரில் பக்கத்தில் கைபேசியைத் திறந்தே வைத்திருப்பேன். எழுத்தில் எழுது. வேண்டும் என்பது சின்னச் சொல்தான், லோஷி.